வன்னித் தெருவில் சின்னக் குடும்பக் கார்: பழுதுகளும் ரீகோலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டாவின் அக்குவா, விட்ஸ், ஹொண்டாவின் ஃபிற், சுசுக்கியின் வகன் ஆர், அல்ட்டோ போன்ற ஐந்து கதவுச் சின்னக் கார்கள் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கக் கராஜ்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையே எடுத்திருக்கிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இங்கே ஓடுகிற பெரும்பாலான கார்கள் பத்து வயதைத் தொட்டவை அல்லது தாண்டியவை. கம்பனிக் கைநூல் சொல்லும் கணக்குகளை அப்படியே எடுக்காமல், எங்கள் புழுதிக்கும் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி சொல்லியிருக்கிறோம்.

ரீகோல் என்றால் என்ன? ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த காருக்கும் அது உண்டா?

ஒரு பாகத்தின் வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ ஆபத்தான பிழை இருப்பதைக் கம்பனியே ஒப்புக்கொண்டு, காரைத் திரும்பக் கூப்பிட்டு, இலவசமாகத் திருத்திக் கொடுப்பதுதான் ரீகோல். ஓடி ஓடித் தேய்ந்த பிறேக் பாட் அதற்குள் வராது.

பிழை காரோடுதான் கப்பலேறி வருகிறது, கடிதம் மட்டும் வருவதில்லை. ஜப்பானில் கம்பனி பதிவுச் சொந்தக்காரருக்குத் தபால் அனுப்பும். கார் ஏலத்தில் விற்கப்பட்டு அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கியபின் அந்தத் தபால் யாருக்கும் சேராது. ஆகவே உங்கள் காருக்கு ரீகோல் நிலுவையில் இருக்கிறதா என்று தேடவேண்டியது நீங்கள்தான். கம்பனியின் இலங்கை முகவர் நிறுவனம், தான் இறக்கி விற்காத காருக்கு இலவசமாகச் செய்து தருமா என்பது கம்பனிக்குக் கம்பனி, ரீகோலுக்கு ரீகோல் மாறும். எயார்பாக் (விபத்தில் விரியும் காற்றுப்பை) போன்ற உயிர் ஆபத்து விடயமென்றால் கேட்காமல் விடாதீர்கள்.

என் காருக்கு ரீகோல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் சேசிஸ் இலக்கத்தை (ஒவ்வொரு காருக்கும் கம்பனி பொறித்த தனி எண்) எடுங்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும். காரிலும் பொனற்றுக்குள் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் பார்க்கலாம், சில மொடல்களில் முன் சீற்றுக்குக் கீழே கம்பளத்தை விலக்கினால் தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒருதடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் காரில் அந்த இலக்கம் மொடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு ஆறு அல்லது ஏழு இலக்கம் என்று வரும். அக்குவாவுக்கு என்.எச்.பி. 10, ஹைபிரிட் ஃபிற்றுக்கு ஜி.பி. 1 அல்லது ஜி.பி. 5, ஒரு லீற்றர் விட்ஸுக்கு கே.எஸ்.பி. 90 என்பன மொடல் குறியீடுகள். ஜப்பானியக் கம்பனிகளின் ஜப்பான் இணையத்தளங்களில் ரீகோல் தேடுபெட்டி உண்டு. பக்கம் ஜப்பான் மொழியில் இருந்தாலும் தொலைபேசி பிரவுசரே மொழிபெயர்த்துத் தரும். இலக்கத்தைப் போட்டால் எந்த ரீகோல், செய்து முடிந்ததா இல்லையா என்பது வரும். இந்தியத் தயாரிப்பென்றால் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட நீண்ட எண் இருக்கும். மாருதி சுசுக்கிக் கார்களில் அது எம்.ஏ.3 என்று தொடங்கும். மாருதி தளத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இணையமே இல்லாமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஜப்பானில் ரீகோல் வேலை முடிந்ததும் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவு கொளுவும் கொக்கிக்குக் கிட்ட, சட்டத்தில் ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டுவார்கள். அதில் ஓர் எண் இருக்கும். சில கார்களில் மூன்று, நான்கு ஸ்ரிக்கர் வரிசையாக இருப்பதைப் பார்த்து "இது பிரச்சினைக் கார்" என்று விலை குறைக்கிற ஆட்கள் உண்டு. உண்மையில் ஸ்ரிக்கர் இருக்கிற கார்தான் திருத்தப்பட்ட கார். அடிபட்டுத் திருத்திப் பெயின்ற் அடித்ததில் ஸ்ரிக்கர் போய்விடுவதும் உண்டு, அதனால் ஸ்ரிக்கர் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் தளத்திலும் பாருங்கள்.

எயார்பாக் ரீகோல் பற்றி ஏன் இவ்வளவு சத்தம்?

டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பனி செய்த, எயார்பாக்கை ஊதும் கருவிகள் உலகம் முழுவதும் 10 கோடியளவில் திரும்ப அழைக்கப்பட்டன. கம்பனி 2017 ஜூனில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. ஃபிற், விட்ஸ் உட்பட 2000களின் தொடக்கத்திலிருந்து பல வருடங்கள் ஓடிய ஏராளமான மொடல்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

காரணம் எங்கள் காலநிலையோடு நேராகத் தொடர்புபட்டது. அந்த ஊதுகருவிக்குள் அமோனியம் நைற்றிரேற் வில்லைகள் இருக்கும். விபத்தின்போது அவை எரிந்து வாயுவாகி பையை ஊதவேண்டும். பல வருடம் ஈரமும், பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால் வில்லை நொருங்கித் தூளாகும். தூள் வில்லையைவிட வேகமாக எரியும். அமுக்கம் தாங்காமல் உலோகக் கூடு வெடித்து, அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு சாரதியின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாயும். மாரியில் ஈரம், பங்குனி சித்திரையில் கொளுத்தும் வெயில், காருக்கு நிழற்கொட்டகை இல்லை என்றால், அந்த வேதியியலுக்கு வன்னியைவிடத் தோதான இடம் அரிது.

செய்யவேண்டியது: சேசிஸ் இலக்கத்தை இன்றைக்கே பாருங்கள். நிலுவையில் இருந்தால் முகவரிடம் கேளுங்கள், அதுவரை முன் இடப்பக்க சீற்றில் ஆளை ஏற்றுவதைக் குறையுங்கள் (பயணிப் பக்கத்தில் குறை என்றால்). செய்யக்கூடாதது: வெட்டிய காரிலிருந்து கழற்றிய பழைய எயார்பாக்கை வாங்கிப் போடுவது. அதுவும் அதே தொகுதியாக இருக்கலாம்.

டாஷ்போட்டில் எயார்பாக் லைற் அணையவில்லை. அதுவும் ரீகோலா?

பெரும்பாலும் இல்லை. சுவிச் போட்டதும் சில விநாடி எரிந்து அணைவதுதான் சரி. அணையாமல் நின்றால் விபத்தில் பை விரியாமல் போகலாம். ஹோர்னும் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் ஸ்ரேறிங்குக்குப் பின்னால் உள்ள சுருள் வயர் அறுந்திருக்கும். சீற்றுக்குக் கீழே உள்ள மஞ்சள் நிற சொக்கற் தளர்ந்தாலும் எரியும், கார் கழுவுமிடத்தில் சீற்றை முன்னே பின்னே இழுத்த பிறகு வருவது இதுதான். லைற் சுவிச் போடும்போதே எரியாமல் இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். விற்பவர் பல்ப்பைக் கழற்றியிருக்கலாம்.

ஃபிற் ஜி.பி. 5 வாங்கலாமா? ரீகோல் கார் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013 செப்ரெம்பரில் விற்பனைக்கு வந்த இந்த ஹைபிரிட், 2014 ஒக்ரோபருக்குள் ஜப்பானில் ஐந்து தடவை திரும்ப அழைக்கப்பட்டது. முதலில் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருள், பிறகு எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருள் காரணமாகத் தானே வேகமெடுக்கும் ஆபத்து, ஐந்தாவதில் இக்னிசன் கொயில் (பெற்றோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின் கொடுக்கும் பாகம்). கடைசி அழைப்பு ஹொண்டாவின் வெசலும் சேர்த்து 4,25,825 கார்கள். ஹொண்டாவின் அப்போதைய தலைவர் தன் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதத்துக்கு விட்டுக்கொடுத்தார்.

இதில் ஒரு நல்ல பக்கம்: இந்தப் பிழைகளில் பல, மென்பொருளை மாற்றினாலே திருந்துபவை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "ரீகோல் வந்ததா" அல்ல, "செய்து முடிந்ததா". முடியாத 2013, 2014 கார் என்றால் விலையைப் பேசுவதற்கு முன் மென்பொருள் ஏற்றக்கூடிய இடத்தைத் தேடுங்கள்.

ரீகோலோடு தொடர்பில்லாத ஒரு பழக்கமும் இந்தக் கியர்பொக்ஸைக் கொல்கிறது. உள்ளே இருப்பது உலர் கிளச். ஏ9 வீதியில் சீராக ஓடும்போது அதற்கு ஒரு கவலையுமில்லை. ஆனால் கோயில் திருவிழா நெரிசலில் பிறேக்கை அரைவாசி விட்டு ஊர்ந்து ஊர்ந்து போனால், அல்லது குளக்கட்டு ஏற்றத்தில் பிறேக் மிதிக்காமல் அக்சிலேற்றரால் காரைப் பிடித்து வைத்தால் கிளச் வழுகிச் சூடேறும். கியர்பொக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி "பி"யில் போட்டு ஆறவிடுங்கள். முன்காருக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, அது நிறைந்ததும் ஒரேயடியாக நகருங்கள்.

அல்ட்டோ, வகன் ஆர் பக்கம் என்ன ரீகோல்?

அல்ட்டோ 800, கே10 இரண்டிலும் 2014 டிசெம்பர் 8 முதல் 2015 பெப்ரவரி 18 வரை செய்த 33,098 கார்களை மாருதி வலப்பக்கக் கதவுப் பூட்டுக்காகத் திரும்ப அழைத்தது. உங்கள் கார் அந்தத் திகதிக்குள் வருகிறதென்றால், கதவைச் சாத்தியபின் உள்ளிருந்து தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். அசையக்கூடாது.

வகன் ஆரில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த 660 சி.சி. வகன் ஆரும் இந்தியாவின் 1 லீற்றர் வகன் ஆரும் பெயரில் மட்டும் ஒன்று. 2019 ஓகஸ்ற்றில் எரிபொருள்க் குழாய் உலோகக் கவ்வியில் உரசுவதற்காக அழைத்த 40,618 கார்களும், 2020 ஜூலையில் எரிபொருள் பம்புக்காக பலேனோவோடு சேர்த்து அழைத்த 1,34,885 கார்களும் இந்திய வகை. இணையத்தில் "வகன் ஆர் ரீகோல்" என்று தேடி வருவதைப் பார்த்து ஜப்பான் கார்க்காரர் பதறத் தேவையில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்ராட் ஆகிறது. ஏன்?

எரிபொருள் பம்பை முதலில் சந்தேகியுங்கள். டென்சோ செய்த பம்புகளுக்காக 2020 தொடக்கம் டொயோட்டா, ஹொண்டா உட்படப் பல கம்பனிகள் பல இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. பம்புக்குள் சுழலும் பிளாஸ்ரிக் சில்லு பெற்றோலை உறிஞ்சி ஊதி, கூட்டின் உட்சுவரில் உரசி இறுகிவிடுகிறது. எனவே ரீகோல் தேடலில் இதையும் பாருங்கள்.

ரீகோல் இல்லாத பம்பையும் நாங்களே கெடுக்கிறோம். பம்ப் தாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. எப்போதும் கடைசிக் கோட்டில் ஓடினால் அது காற்றில் நின்று சுடும், அடியில் படிந்த துருவையும் தண்ணீரையும் இழுக்கும். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்த பெற்றோல் ஊற்றப்பட்ட தாங்கிகளைத் திறந்தால் இன்றைக்கும் அடியில் செம்மண் நிறச் சேறு கிடக்கிறது. கால் தாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் இரவில் நின்றால் உதவிக்கு ஆளும் குறைவு.

சோதிக்கும் முறை எளிது. சுவிச்சை "ஒன்" நிலைக்கு மட்டும் போட்டு, பின் சீற்றில் காதை வையுங்கள். இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று சன்னமான சத்தம் கேட்கவேண்டும். கார் நின்றுபோன வேளையில் அந்தச் சத்தமே இல்லையென்றால் பம்ப், அதன் றிலே, ஃபியூஸ் மூன்றில் ஒன்று. சத்தம் கேட்டும் ஸ்ராட் ஆகவில்லையென்றால் கொயிலையும் கிராங் சென்சரையும் (எஞ்சின் சுழல்வதை அறியும் பாகம்) பார்க்கவேண்டும், சென்சரும் சூடானால் செத்து ஆறினால் பிழைக்கிற சாமான்தான். ஹைபிரிட்டில் இந்தக் காது வைத்தியம் சரிவராது, கராஜில் கணினிக் கருவியால் ஸ்கான் பண்ணுங்கள்.

எஞ்சின் சூடாகிறது. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

விடக்கூடாது. வீட்டுக் கேத்தலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் உரியாத ஓடு பிடித்திருக்கும். அதே ஓடுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கிறது. எங்கள் கிணற்றுநீர் பல இடங்களில் கல்தன்மை கூடியது, கரையோரத்தில் உவரும் சேரும். ஓடு ஒரு பக்கம் சூட்டை வெளியே விடாது, உப்பு மறுபக்கம் அலுமினியத்தை அரிக்கும்.

பாவிக்கவேண்டியது கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்). செறிவாக வருவதென்றால் பாதிக்குப் பாதி, பற்றறிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீரோடு கலக்கவேண்டும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ற் கலந்தே வருவது, அதற்குத் தண்ணீர் சேர்க்கவேண்டாம். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு வகையை ஒன்றாக ஊற்றாதீர்கள். நடுவழியில் வேறு வழியில்லாமல் தண்ணீர் ஊற்றியிருந்தால் குற்றமில்லை, அந்தக் கிழமைக்குள் முழுவதையும் வடித்து மாற்றிவிடுங்கள்.

சூட்டு முள் ஏறுகிற நேரத்தில் செய்யவேண்டியவை: ஏசியை நிறுத்துங்கள், ஹீற்றரை உச்சத்தில் போட்டு ஜன்னல்களைத் திறவுங்கள், பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள். மூடியைத் தொடவேண்டாம். குறைந்தது அரை மணித்தியாலம், மேல் குழாயைக் கையால் பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆறவேண்டும். ஆறியபின் மூடியை ஒரு துணியால் பிடித்துக் கால்வாசி திருப்பி, சத்தம் அடங்கியபின் கழற்றுங்கள்.

காரணம் தேடும் ஒழுங்கு: கசிவு, பிறகு விசிறி (ஏசி போட்டதும் சுற்றவேண்டும்), பிறகு மூடி. மூடியில் 1.1 அல்லது 0.9 என்று அமுக்கம் எழுதியிருக்கும், பழையதில் என்ன எண் இருந்ததோ அதே எண் வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் தேமோஸ்ராற் (கூலன்ற் சூடானதும் திறக்கும் வால்வு). கராஜில் தேமோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறைகிறது என்பார்கள். குறையும், ஆனால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெற்றோல் குடிக்கும், உட்பாகம் சீக்கிரம் தேயும். றேடியேற்றரின் முன்பக்கத்தையும் பாருங்கள். காலபோக அறுவடைக் காலத்தில் தெருவில் காயும் நெல்லின் சப்பியும் வைக்கல் துரும்பும் ஏசி கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் மெத்தைபோல அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். பிறஷர் துப்பாக்கியைக் கிட்டக் கொண்டுபோனால் தகடுகள் மடிந்துவிடும்.

வைக்கல் பற்றி இன்னொன்று. தெருவில் பரப்பிய வைக்கலுக்கு மேலால் ஓடினால் அது அடியில் சுற்றி, சைலென்சரின் சூட்டில் பற்றிக்கொள்ளும். தவிர்க்கமுடியாமல் ஓடியிருந்தால் இறங்கிக் குனிந்து பார்த்து இழுத்து எடுங்கள்.

அக்குவா காலையில் ஸ்ராட் ஆகும்போது குலுங்குகிறது, கூலன்றும் குறைகிறது. வெளியே கசிவு இல்லை.

ஹெட் காஸ்கெற் (எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) வழியாகக் கூலன்ற் இரவில் சிலிண்டருக்குள் கசிகிறது என்பதற்கான தெளிவான அடையாளம். இந்த எஞ்சினில் புகையைத் திருப்பி எஞ்சினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். வழியும் அதன் கூலரும் காபன் பிடித்து அடைபடும், சூடு கூடும், காஸ்கெற் போகும். குலுக்கம் தொடங்கியபின் "பார்ப்போம்" என்று ஓடினால் எஞ்சினே வளையும். முன்கூட்டியே, 80,000 கி.மீ. அளவில் இ.ஜி.ஆர். கூலரையும் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்வது மலிவு. அக்குவாவில் பெல்ற் எதுவும் கிடையாது, தண்ணீர்ப் பம்பும் மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றால் சத்தமில்லாமல் நிற்கும், சூட்டு எச்சரிக்கை வந்தபின்தான் தெரியும்.

ஹைபிரிட் பற்றறி போய்விட்டது என்கிறார்கள். உடனே மாற்றவேண்டுமா?

முதலில் ஸ்கான் செய்து குறியீட்டை எழுதி வாங்குங்கள். பி0ஏ80 என்று வந்தால் மொடியூல்கள் (பற்றறிக்குள் இருக்கும் சிறு கட்டுகள்) ஒன்றுக்கொன்று சமனில்லாமல் போயிருக்கின்றன. அக்குவாவில் 7.2 வோல்ற் மொடியூல் 20 வரிசையாக இருக்கும், மொத்தம் 144 வோல்ற். ஒன்று சோர்ந்தாலும் கார் முழுப் பற்றறியையும் நிராகரிக்கும்.

பற்றறியைச் சாகடிப்பது வயது மட்டுமல்ல, சூடு. பின் சீற்றுக்குக் கீழே ஒரு காற்றுவாசல் இருக்கிறது. கார் உள்ளிருக்கும் ஏசிக் காற்றை உறிஞ்சித்தான் பற்றறி குளிர்கிறது. அந்த வாசலில் பள்ளிக்கூடப் பையையும் அரிசி மூட்டையையும் சாத்தி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தபடி கிரவல் தெருவில் ஓடினால் என்ன ஆகும்? விசிறியைக் கழற்றிப் பார்த்தால் இதழ்களுக்கிடையில் செம்புழுதி கம்பளிபோல ஒட்டியிருக்கும். ஜப்பானில் வருடக்கணக்கில் சுத்தமாக இருந்த விசிறி இங்கே ஒரு கோடையில் அடைபடும். 10,000 கி.மீ.க்கு ஒருதடவை வாசலின் வடிகட்டியையும், 30,000க்கு ஒருதடவை விசிறியையும் சுத்தம் செய்யுங்கள்.

மாற்ற முன் கேட்கவேண்டிய இன்னொன்று: மொடியூல்களை இணைக்கும் செப்புப் பட்டைகள் பச்சை பிடித்திருக்கின்றனவா? முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரக் கார்களில் இது சகசம். பட்டையைச் சுத்தம் செய்து சரியான இறுக்கத்தில் பூட்டினாலே சில கார்கள் தப்பிவிடும். பழுதான ஒரேயொரு மொடியூலை மட்டும் மாற்றுவது மலிவாகத் தெரியும், ஆனால் புதியதும் பழையதும் ஒத்துப்போகாமல் சில மாதத்தில் அடுத்தது விழும். விற்கப்போகிறவர் செய்கிற வேலை அது.

செம்மஞ்சள் நிற உயர் மின்னழுத்த வயரை வீட்டில் யாரும் தொடக்கூடாது. சேவிஸ் பிளக்கை (பெரிய பற்றறியின் இணைப்பைத் துண்டிக்கும் செருகி) கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, மின்கடத்தாக் கையுறையோடு வேலை செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஹைபிரிட் கார் திடீரென்று உயிரே இல்லாமல் கிடக்கிறது.

பெரும்பாலும் பெரிய பற்றறி அல்ல, 12 வோல்ற் சின்னப் பற்றறி. நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து அளந்தால் 12.6 வோல்ற் நிறைவு, 12.2 பாதி, 11.8க்குக் கீழே காலி. அக்குவாவில் அது பின் சீற்றுப் பக்கம் காருக்குள்ளேயே இருப்பதால் வாயுவை வெளியேற்றும் குழாய் உள்ள வகைதான் போடவேண்டும். சாதாரண கார்ப் பற்றறியைத் திணித்து வைப்பது ஆபத்து. பக்கத்துக் காரிலிருந்து மின் எடுத்து எழுப்பலாம், பொனற்றுக்குள் ஃபியூஸ் பெட்டியில் அதற்கென முனை இருக்கிறது. ஆனால் உங்கள் ஹைபிரிட்டால் உழவு இயந்திரத்தையோ லொறியையோ எழுப்ப உதவாதீர்கள்.

அக்குவா ஏசிக்குக் காஸ் அடித்தபின் ஹைபிரிட் எச்சரிக்கை வருகிறது.

ஏசி கொம்பிறசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்கு மின் கடத்தாத என்.டி. 11 ஓயில்தான் போடவேண்டும். சாதாரணக் காருக்கு அடிக்கும் ஓயில் சிறிதளவு கலந்தாலும் மின் கசிவு என்று கார் காட்டும். காஸ் அடிக்குமுன் ஓயில் போத்தலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இது ஒன்றுக்காகவே கொம்பிறசர் மாற்றிய கார்கள் உண்டு.

சி.வி.ரி. (படியில்லாமல் தானாக மாறும் கியர்) காருக்கு கியர் ஓயில் ஆயுள் முழுவதற்கும் என்கிறார்களே?

அந்தப் பேச்சை நம்பவேண்டாம். 40,000 கி.மீ.க்கு ஒருதடவை வடித்து மாற்றுங்கள். பழைய ஃபிற் நிறுத்தத்திலிருந்து நகரும்போது நடுங்குவது பெரும்பாலும் ஓயில் கெட்டதால். இரண்டு தடவை மாற்றினாலே பலதில் நின்றுவிடும். கம்பனி சொல்லும் வகையையே ஊற்றவேண்டும்: டொயோட்டாவுக்கு எஃப்.இ., புதிய ஹொண்டாவுக்கு எச்.சி.எஃப். 2, நிசானுக்கு என்.எஸ். 2 அல்லது 3. "எல்லாத்துக்கும் சரிவரும்" என்ற சிவப்பு ஓயில் உள்ளே இருக்கும் உருக்குப் பட்டியை வழுக்க விடும்.

அல்ட்டோ 800க்கு ரைமிங் பெல்ற் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டி) எப்போது?

80,000 கி.மீ. அல்லது ஐந்து வருடம், எது முந்துகிறதோ அது. மீற்றரில் நம்பிக்கையில்லாத பழைய காரை வாங்கினால் வாங்கிய கிழமையே மாற்றுங்கள், ரென்சனர் பெயாரிங்கும் சேர்த்து. கே10, விட்ஸ், அக்குவா, ஃபிற் எல்லாவற்றுக்கும் சங்கிலி. அதற்கு வைத்தியம் ஓயிலை நேரத்துக்கு மாற்றுவதுதான்: புழுதித் தெருவில் 5,000 கி.மீ. அக்குவாவுக்கு ஃபில்ற்றரோடு 3.7 லீற்றர், அதற்கு மேல் ஊற்றிவிட்டு "மிச்சம் வீணாகாது" என்பதும் பிழை.

எயார் ஃபில்ற்றரை கிரவல் தெருவில் தினம் ஓடுகிறவர் 2,500 கி.மீ.க்கு ஒருதடவை திறந்து பார்க்கவேண்டும். தட்டிவிடலாம், காற்றடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே. கழுவக்கூடாது.

முன்பக்கத்தில் சத்தம். எது எது?

சின்னக் குழிகளில் மெதுவாகப் போகும்போது "கடகட" என்றால் ஸ்ரபிலைசர் லிங். மலிவு, முதலில் அதை மாற்றுங்கள். குழியில் "டொக்" என்று ஒற்றைச் சத்தம், பிறேக் பிடிக்கும்போதும் ஒன்று என்றால் லோவர் ஆம் புஷ் அல்லது போல் ஜொயின்ற். போல் ஜொயின்ற் என்றால் தள்ளிப்போடாதீர்கள், கழன்றால் சில்லு மடிந்துவிடும். முழுதாக வெட்டித் திருப்பும்போது "டக் டக் டக்" என்றால் அக்சில் முனை. சில்லின் உட்பக்க றிம்மில் கிறீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். றப்பர் உறை கிழிந்த நாளில் பார்த்தால் உறையோடு போகும், செம்மண் உள்ளே போனபின் முனையையே மாற்றவேண்டும். வேகத்தோடு கூடிக்கொண்டு போகும் "ஊ" என்ற இரைச்சல் வீல் பெயாரிங்.

பிறேக்?

பாட் 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கள். பின் ட்றம்மை 20,000 கி.மீ.க்கு ஒருதடவை கழற்றிப் புழுதி துடையுங்கள். பிறேக் ஓயில் இரண்டு வருடம். அக்குவாவில் நிறுத்தியிருக்கும்போதும் சில விநாடிக்கு ஒருதடவை பம்ப் "ஸ்ஸ்" என்று ஓடினால் பிறேக் அமுக்கத்தைச் சேமிக்கும் பகுதி உள்ளே கசிகிறது. பெடல் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் தூரப் பயணம் போகாதீர்கள்.

மாரியில் தெரு மூடி வெள்ளம். எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

சில்லின் நடுக் குமிழுக்கு மேலே தண்ணீர் என்றால் திரும்புங்கள். அதற்குக் கீழே என்றாலும் நடை வேகத்தில், நிறுத்தாமல். எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை பொனற்றுக்கு மேல் வரும், அது போனபின் இறங்குங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணவே கூடாது. தண்ணீர் காற்றைப்போல அமுங்காது, கொனெக்ரிங் றொட் (பிஸ்டனை இணைக்கும் தண்டு) வளைந்து எஞ்சின் முடிந்துவிடும். தள்ளி எடுத்து, எயார் ஃபில்ற்றர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஈரமில்லாவிட்டால்தான் அடுத்த யோசனை. ஹைபிரிட்டில் சீற்றடிக்குத் தண்ணீர் வந்திருந்தால் பவர் பொத்தானை அமத்தாதீர்கள்.

நின்ற காரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்கலாமா?

கை கியர் அல்ட்டோ என்றால் நியூற்றலில், மெதுவாக, சரி. அக்குவா, ஃபிற் ஹைபிரிட், சி.வி.ரி. கார் எதையும் முன் சில்லுகள் தரையில் உருள இழுக்கக்கூடாது. அக்குவாவில் சில்லு சுற்றினால் உள்ளே மோட்டரும் சுற்றி மின்சாரம் பிறப்பிக்கும். சி.வி.ரி.யில் எஞ்சின் ஓடாவிட்டால் ஓயில் ஏறாது, பட்டி உலர்ந்து தேயும். முன் சில்லைத் தூக்கி இழுங்கள், அல்லது கரியரில் ஏற்றுங்கள். சேற்றிலிருந்து இரண்டு மீற்றர் வெளியே எடுப்பதற்கு மட்டும் இழுப்பதில் குறையில்லை, முன் கொளுக்கியைச் சரியாகப் பூட்டியபின்.

எலி வயரைக் கடிக்கிறது.

நெல் மூட்டைக்குப் பக்கத்தில் காரை விட்டால் கடிக்கத்தான் செய்யும். பாவிக்காமல் கிடக்கும் காரின் பொனற்றை இரவில் திறந்தே விடுங்கள், இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலி தங்காது. எயார் ஃபில்ற்றர் பெட்டியையும் ஏசி விசிறிப் பக்கத்தையும் கிழமைக்கொருதடவை பாருங்கள், சப்பியும் பஞ்சும் சேர்ந்திருந்தால் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. கடித்த வயரை முறுக்கி ரேப் சுற்றுவது நாலு மாதத்துக்குத் தாங்கும். ஈயம் ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.